சித்திரைப் பகலில் வங்காலையில் எத்தனை பாகை?

எனது கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வரி இருக்கிறது: "ஏப்ரல் 13, பிற்பகல் 2.30, வங்காலை, 41 பாகை." பெருமையில் அதன் கீழே இரண்டு கோடுகளும் இழுத்திருந்தேன். இரண்டு கிழமை கழித்து அதே வரியை நீல மையால் குறுக்கே வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சென்ற வருடம் உயர்தரத்தில் புவியியல் படிக்கத் தொடங்கியிருந்த நேரம். மாமா கத்தாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சுவர் வெப்பமானி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. சித்திரை விடுமுறையும் வந்தது. சூரியன் வடக்கு நோக்கி நகரும்போது ஏப்ரல் 5 முதல் 15 வரையில் இலங்கையின் அகலாங்குகளுக்கு நேராக உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிப்பதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கி, நாளுக்கு நாள் ஊர் ஊராக ஏறி, வடக்கே பருத்தித்துறையில் முடியும். வங்காலை ஏறத்தாழ 8.9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆகவே எங்கள் முறை ஏப்ரல் 13 அளவில் வரும். அன்று முற்றத்தில் ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு வைத்தேன். மணி 12.10ஐத் தாண்டியபோது அதன் நிழல் அடிக்குள்ளே ஒடுங்கிவிட்டது. தங்கச்சி தன் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

வெப்பமானியை வீட்டின் மேற்குச் சுவரில், தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே மாட்டியிருந்தேன். இரண்டரை மணிக்குப் பார்த்தால் 41. வானொலியில் மன்னாருக்கு 34 என்றுதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரின் உண்மையான வெப்பத்தை நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு. கல்லூரி தொடங்கிய அன்றே புவியியல் டீச்சரிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் எண்ணைப் பார்க்கவேயில்லை. "எங்கே மாட்டினீங்க? எந்தப் பக்கச் சுவர்? நிலத்திலிருந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "மகள், நீங்க சுவருக்குத்தான் காய்ச்சல் பார்த்திருக்கிறீங்க" என்றார்.

வெப்பமானி தன்னுடைய வெப்பத்தை மட்டுமே காட்டும் கருவி. வெயில் பட்டால் வெயிலில் சூடான கண்ணாடியின் வெப்பத்தைக் காட்டும். சுவரில் மாட்டினால் காலையிலிருந்து கொதித்த சீமெந்தின் வெப்பத்தையும், மேலே தகரம் வீசும் அனலையும் சேர்த்துக் காட்டும். நமக்குத் தேவையானது காற்றின் வெப்பம். அதற்கு வெப்பமானி நிழலில் இருக்க வேண்டும், ஆனால் காற்றோட்டம் தடைப்படக் கூடாது, நிலத்தின் சூடும் ஏறக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகத் தீர்த்தது ஒரு வெள்ளைப் பெட்டி. நான்கு பக்கமும் சாய்ந்த பலகைச் சட்டங்கள். காற்று புகும், வெயில் புகாது. நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றரிலிருந்து இரண்டு மீற்றருக்குள் வெப்பமானி இருக்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பாடத்தில் படித்திருக்கிறோம். இதை 19ஆம் நூற்றாண்டில் அமைத்த தோமஸ் ஸ்டீவன்சன் ஸ்கொட்லாந்தின் வெளிச்சவீட்டுப் பொறியியலாளர். "புதையல் தீவு" கதையை எழுதிய ரொபேர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. கடற்கரை வெயிலையும் காற்றையும் நன்கு அறிந்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

வாப்பாவிடம் கேட்டேன். அவர் வங்காலைக் கரையில் மீன் எடுத்து விற்பவர். தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் சொல்லி, பழைய ஜன்னல் கதவுச் சட்டங்களால் ஒரு பெட்டி அடித்துக் கொண்டு வந்தார். வெள்ளைப் பூச்சு பூசி, முற்றத்தின் நடுவில், மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி நட்டோம். முதற் பார்வைக்குப் புறாக்கூடு மாதிரித்தான் இருந்தது. அதே வெப்பமானியை உள்ளே வைத்தேன். அடுத்த நாளும் வெயில் முன்போலவே கொளுத்தியது. பெட்டிக்குள் 34.5. அன்றுதான் சிவப்பு வரியை வெட்டினேன்.

வெட்கமாக இருந்தது என்று டீச்சரிடம் சொன்னபோது அவர் ஒரு கதை சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன். 1922 செப்டெம்பர் 13ஆம் திகதி லிபியாவில் அல் அஸீஸியா என்ற இடத்தில் 58 பாகை என்று பதிவாயிற்று. உலகத்திலேயே மிக உயர்ந்த வெப்பநிலை என்று புத்தகங்களெல்லாம் அதை அச்சிட்டன. அங்கே பயன்பட்டது உயர்வையும் இழிவையும் ஒன்றாகக் காட்டும், "யு" வடிவக் குழாயுள்ள வெப்பமானி. அதில் இரசம் ஏறும்போது ஒரு சிறு ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். இரசம் இறங்கினாலும் ஊசி அங்கேயே நிற்கும். ஊசியின் கீழ் நுனியைத்தான் வாசிக்க வேண்டும். அனுபவமில்லாத ஒருவர் மேல் நுனியை வாசித்திருக்கக் கூடும் என்றும், அதனால் ஏறக்குறைய ஏழு பாகை கூடிவிட்டது என்றும் உலக வானிலை அமைப்பின் குழு ஒன்று ஆராய்ந்து கண்டது. சரியாக 90 வருடங்கள் கழித்து, 2012இல் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10ஆம் திகதி அளந்த 56.7 பாகை.

மனிதக் கண்தான் பிழை விடும், தானியங்கி விடாது என்று நினைக்க வேண்டாம். 2024 மே 29ஆம் திகதி டில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 பாகை காட்டியது. உலகம் முழுக்கச் செய்தி. இந்திய வானிலைத் துறை சோதித்துப் பார்த்தபோது அந்த உணரி மூன்று பாகை கூட்டிக் காட்டுவது தெரிய வந்தது. செய்தி போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. பிழையான எண் இன்னும் எத்தனை பேருடைய கைப்பேசியில் சுற்றுகிறதோ!

பெட்டி வந்த பிறகு நான் எங்கள் ஒழுங்கையின் வானிலை நிலையமாகிவிட்டேன். கருவாடு காயவைக்கும் மாமிமார், "இண்டைக்கு எத்தின, புள்ள?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த பிழை நடந்தது. அது கொப்பியில் வெட்டக்கூடிய பிழையல்ல.

வைகாசி தொடங்க முன், காற்றே இல்லாத ஒரு நாள். ஓலை அசையவில்லை. தோணிகள் பிந்தி வருவதாகக் கரையிலிருந்து தகவல் வந்து, வாப்பா நண்பகலில் புறப்பட்டார். "வெயில் கூடவா, மகள்?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். "32தான் வாப்பா. நேற்றையை விடக் குறைவு" என்றேன். தொப்பியையும் போத்தலையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்றரை மணிக்குக் கரையில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். அங்கிருந்த கடற்றொழிலாளர்கள் வாடிக்குள் தூக்கிப்போய், சட்டையைத் தளர்த்தி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, ஐஸ் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வாப்பா அன்று இரவு சேலைன் ஏற்றி, மறுநாள் வீட்டுக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் எண் பிழையில்லை. 32 என்பது 32தான். ஆனால் வாப்பா கேட்டது காற்றின் வெப்பத்தை அல்ல, தன் உடம்பு தாங்குமா என்பதை. அதற்கு 32 என்ற எண் மட்டும் பதிலாகாது.

எங்கள் உடம்பு தன்னைக் குளிராக்குவது வியர்வையால். வியர்ப்பதால் மட்டும் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகிப் போனால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. இதைக் கணக்கில் எடுப்பதுதான் வெப்பச் சுட்டெண். 32 பாகையில் சாரீரப்பதன் 40 வீதமாக இருந்தால் உடம்பு உணர்வது 33 அளவுதான். அதே 32 பாகையில் 70 வீதம் என்றால் 41 போல உணரும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும்போது, மனித உடல் உணரும் வெப்பம் என்று சொல்லி வரைபடத்தில் மாவட்டங்களுக்கு நிறம் பூசுவது இந்தச் சுட்டெண்ணை வைத்துத்தான். அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. வெயிலில் நின்று பெட்டி தூக்குபவருக்கு இன்னும் கூட.

மார்ச், ஏப்ரல் மாதங்கள் எங்களுக்கு முதலாம் இடைப்பருவக் காலம். வாடை ஓய்ந்துவிடும், சோளகம் இன்னும் வந்திராது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக்கு நீரிணை, வங்காலைக்குப் பின்னால் சேற்று நிலங்களும் களப்பும். மாரியில் பூநாரைகள் கூடும் அந்தச் சரணாலயத் தரை சித்திரையில் வெடித்துக் கிடந்தாலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. சோளகம் எழும்பி மன்னார்த் தீவின் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகு, அதே 32 பாகை எவ்வளவோ இலேசாக இருக்கும்.

இப்போது பெட்டிக்குள் இரண்டாவது வெப்பமானி ஒன்றும் இருக்கிறது. அதன் குமிழில் ஈரத்துணி சுற்றி, துணியின் மறுமுனையைச் சிறு போத்தல் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். இது ஈரக்குமிழ் வெப்பமானி. வியர்த்த உடம்பின் நிலை இதில் ஓரளவு தெரியும். உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடைவெளி கூட இருந்தால் வியர்வை வேலை செய்யும். இரண்டும் நெருங்கினால் கவனம். ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் நல்ல தேகாரோக்கியமுள்ளவர்கூட நீண்ட நேரம் தாங்க முடியாது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு வெகு கீழேயே உழைப்பவர்களுக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. வாப்பா இப்போது பெட்டியைத் தானே திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். பத்து மணிக்கு முன் அல்லது அஸருக்குப் பின். தோணி பிந்தினால் மீன் வேறொருவருக்குப் போகட்டும் என்று உம்மா சொல்லிவிட்டார்.

சென்னையில் 2003 மே 31ஆம் திகதி 45 பாகை பதிவாயிற்று. அந்த நகரத்தின் உச்சம் அது. சென்னையும் கடற்கரை ஊர்தான். பிறகு ஏன் எங்களுக்கு இப்படி ஏறுவதில்லை? அங்கே கோடையில் மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசினால், கடற்காற்று கரைக்குள் நுழையப் பிந்தும். அதுவரை ஒரு பெருநிலத்தின் முழு அனலும் நகரத்தின் மேல் கிடக்கும். எங்களுக்கோ கடல் எட்டிய தூரத்தில், இரு பக்கமும். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். பகல் வெப்பத்தை அது 34, 35க்கு மேல் இலேசில் ஏறவிடாது. ஆனால் அதே கடல் இரவில் இறங்கவும் விடாது. என் கொப்பியில் நான் முதலில் பகல் எண்களை மட்டும்தான் எழுதினேன், செய்தியில் வருவது அதுதானே. பிறகு அதிகாலை எண்களைச் சேர்த்தபோது, சித்திரையில் சுபஹ் நேரத்திலும் 27, 28 என்று நிற்பதைக் கண்டேன். மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத இரவுகள் அவை. உலகெங்கும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, பகலின் உயர்வை விட இரவின் இழிவுதான் வேகமாகக் கூடியிருக்கிறது. அதனால் ஒரு கோடை நாளின் வெப்பத்தைக் கேட்பவர் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது உம்மம்மா வெற்றிலை இடித்துக்கொண்டே, "எங்கட காலத்தில இப்பிடி வெக்கை இல்ல" என்றார். எல்லா வீட்டு மூத்தவர்களும் சொல்வதுதான். ஆனால் அவர் ஓர் ஆதாரமும் வைத்திருந்தார். "தொண்ணூறாம் வருசத்து நோன்பும் சித்திரையிலதான் வந்திச்சு. அஸர் மட்டும் தாகம் தெரியாது. இரண்டாயிரத்து இருபத்திமூண்டு நோன்பும் சித்திரையில. ளுஹருக்கு முந்தியே நாக்கு ஒட்டிட்டுது."

கணக்குப் பார்த்தேன். ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 வருடத்தில் நோன்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே பருவத்துக்கு வரும். 1990இல் நோன்பு மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரல் பிற்பகுதி வரை. 2023இலும் அப்படியே. எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாத உம்மம்மா, ஒரே பருவத்தின் இரண்டு மாதங்களை 33 வருட இடைவெளியில் ஒப்பிட்டிருக்கிறார். காலநிலையைப் படிப்பவர்களும் ஒரு நாளை மற்றொரு நாளோடு ஒப்பிடுவதில்லை. 1991 முதல் 2020 வரை என்பது போல 30 வருடச் சராசரியை வைத்து, இந்த வருடத்துச் சித்திரை அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பார்கள்.

ஆனால் டீச்சர் என்னிடம் கேட்டதை நான் உம்மம்மாவிடமும் கேட்க வேண்டியிருந்தது. எங்கே? எந்த வீட்டில்? 1990இல் அவர் இருந்தது மன்னார்த் தீவில். கிடுகு வேய்ந்த மண்வீடு, வாசலில் பூவரசும் வேம்பும். 2023இல் இருந்தது வங்காலையில், இந்தத் தகரத்தின் கீழ். அப்போது அவருக்கு 34 வயது, இப்போது 67. மனிதர் மாறிவிட்டார், இடம் மாறிவிட்டது, கூரை மாறிவிட்டது. இடையில் என்ன பதிவு இருக்கிறது? அந்த நோன்பு முடிந்து ஆறு மாதத்தில், 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். உம்மம்மா பத்து வயது உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு தோணியேறிக் கற்பிட்டிக்குப் போனவர். அதன் பிறகு இருபது சித்திரைகள் புத்தளத்தில், முதலில் முகாம் கொட்டிலில். மன்னார்ச் சித்திரை அவர் நினைவில் அந்த இருபது வருடமும் இல்லை. போர்க்காலத்தில் வடக்கின் வானிலை நிலையங்களின் ஏடுகளிலும் இப்படி எழுதப்படாத நாட்கள் உண்டு.

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பூமி சூடாகி வருவது உலகத்து ஏடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659இலிருந்து பதிவு இருக்கிறது, மதராஸ் அவதான நிலையத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். உம்மம்மா சொல்வதில் எவ்வளவு பூமியின் சூடு, எவ்வளவு தகரத்தின் சூடு, எவ்வளவு 33 வருட வயது என்று பிரிக்க என்னிடம் எண்கள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் தகரத்தின் பங்கை அளக்கலாமே. வெப்பமானியை ஒரு நாள் அவர் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டேன். பெட்டிக்குள் 33 இருந்த நேரத்தில் கட்டிலில் 37. வாப்பா அடுத்த வெள்ளிக்கிழமையே கிடுகு எடுத்துவந்து தகரத்துக்கு மேல் பரப்பினார். இப்போது 34.

கொப்பி தொடர்கிறது. காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் எழுத வேண்டும். நான் மேலதிக வகுப்புக்கு மன்னாருக்குப் போகும் நாட்களில் உம்மா பார்த்து எழுதுவார். அவர் மறந்த நாட்கள் பதினொன்று இருக்கின்றன. முன் நாளையும் பின் நாளையும் பார்த்து நடு எண் போட்டுவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்தப் பதினொரு கட்டங்களையும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.